எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு நாலாவது வகுப்பு வீடியோ

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதத்துல ஒருத்தர் எழுதியிருந்தாரு, பசங்க கையில போனக் குடுத்ததுதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம், ஆன்லைன்ல கணக்கு படிக்கிறேன்னு சொல்லிட்டு கேம் ஆடுதுங்க, பழையபடி வாய்ப்பாட்ட உருப்போட வெச்சா கணக்கு தன்னால வந்துரும்னு. அதுல பாதி எனக்கும் சம்மதம்தான், வாய்ப்பாடு தெரியாம ஒண்ணும் ஓடாது. ஆனா மீதிப் பாதி இந்த மலையில உக்காந்து பாக்குறப்ப வேற மாதிரி தெரியுது. அதான் எழுதுறேன், நீளமாப் போயிருச்சு, இடம் இல்லேன்னா எங்க வேணா வெட்டிக்கோங்க, கடைசியில ஒரு கணக்கு குடுத்திருக்கேன், அத மட்டும் வெட்டிறாதீங்க.

நான் இருக்கிறது கோத்தகிரிக்குப் பக்கத்துல ஒரு எஸ்டேட் லைன்ல, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீடுங்க வரிசையா இருக்கிற எடம். கொரோனாவுல படிப்பு விட்டுப்போன பசங்களுக்கு தன்னார்வலர்ங்க சாயங்காலம் பாடம் சொல்லித் தர்ற இல்லம் தேடிக் கல்வி திட்டத்த 2021 அக்டோபர்ல மரக்காணத்துல தொடங்கி வெச்சாங்க, எங்க பக்கம் வந்தப்ப நானும் தன்னார்வலரா சேந்தேன். அப்ப வர ஆரம்பிச்ச பசங்களோட தம்பி தங்கச்சிங்க இப்பவும் சாயங்காலம் வந்து வாசல்ல பாய விரிச்சு உக்காந்துக்கும், ஆறாவது ஏழாவது எட்டாவது படிக்கிறதுங்க. நான் கணக்கு டீச்சர் இல்ல, பி.காம் முடிச்சவ, அவ்வளவுதான். அதனால பெரிய கல்வியாளர் பேசுற மாதிரி பேச எனக்கு வராது, கண்ணுல பட்டத சொல்றேன்.

கீழ ஊர்ல இருக்கவங்களுக்கு ஒரு விஷயம் சட்டுனு புரியாது. அங்க ஆன்லைன் இல்லேன்னா தெருமுனையில டியூஷன் இருக்கும். எங்களுக்கு டியூஷன்னா டவுனுக்குப் போகணும், அஞ்சரை ஆறு மணிக்கு மேல தேயிலைக்குள்ள ஒத்தையடிப் பாதையில யாரு பிள்ளைய அனுப்புவா? கரடி வரும், காட்டெருமை கூட்டமா நிக்கும், சிறுத்தை நாயத் தூக்கிட்டுப் போன கதை லைனுக்கு லைன் இருக்கு. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் எங்க பக்கம் மழை ஊத்தும், மரம் விழும், ரோட்டுல மண்ணு சரியும், லீவு விட்டுருவாங்க. கூடலூர் பந்தலூர் பக்கம் இதே கூத்து ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும். பள்ளிக்கூடமும் சின்னது, பல இடத்துல ஆறு ஏழு எட்டு மூணு வகுப்புக்கும் கணக்குக்கும் அறிவியலுக்கும் சேத்து ஒரே டீச்சர், அவங்க லீவு போட்டா அன்னைக்கு கணக்கும் லீவுதான். இப்படி இருக்கிற இடத்துல போய் போன வேண்டாம்னு சொல்றது, மழையில குடைய வேண்டாங்கிற மாதிரி.

சரி, போன்ல பாடம் இருக்கா? தாராளமா இருக்கு. 2018ல புதுப் புத்தகம் வந்தப்பவே பாடத்துக்குப் பாடம் க்யூஆர் கோடு போட்டுட்டாங்க, ஸ்கேன் பண்ணா தீக்‌ஷா ஆப்ல வீடியோ வரும். 2019ல கல்வித் தொலைக்காட்சி. 2023ல மணற்கேணினு ஒரு ஆப்ப பள்ளிக்கல்வித் துறையே விட்டாங்க, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் இருக்கு, ஒரு ரூபா கிடையாது. கணக்குப் புத்தகத்துல 'இணையச் செயல்பாடு'னு அங்கங்க ஒரு பக்கம் வரும் பாருங்க, அது ஜியோஜீப்ராங்கிற, கோணம் முக்கோணமெல்லாம் போட்டு இழுத்துப் பாக்குற இலவச கணக்கு சாஃப்ட்வேர்ல செஞ்சது, 2001ல ஆஸ்திரியாவுல மார்க்குஸ் ஹோஹன்வார்டர்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. இவ்வளவும் இருக்கு. ஆனா பசங்க திறக்கறது இல்ல. எங்க லைன்ல அந்த இணையச் செயல்பாடு பக்கத்த பசங்க எதுக்கு வெச்சிருக்காங்கன்னா, வீட்டுப்பாடத்துல அது வராது, தாண்டிரலாங்கிறதுக்கு.

ஏன் திறக்கறது இல்லேங்கிறதுக்கு சோம்பேறித்தனம், மொபைல் அடிக்‌ஷன்னு சுலபமா சொல்லிரலாம். நான் பக்கத்துல உக்காந்து பாத்த வரைக்கும் அது இல்ல. எட்டாவது படிக்கிற பையன் எட்டாவது பாடத்து வீடியோவத்தான் போடுறான், விகிதமுறு எண்கள்னு தலைப்பு. ரெண்டாவது நிமிஷத்துல வீடியோவுல இருக்க சார் 'பகுதிய சமமாக்கிக்கலாம்'னு, அதாவது பின்னத்துல கீழ இருக்கிற எண்ண ஒண்ணாக்கிக்கலாம்னு, சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடுறாரு. இவனுக்கு அந்த இடத்துலயே கதை முடிஞ்சுது. ஏன்னா இவன் ரெண்டுல ஒண்ணையும் மூணுல ஒண்ணையும் கூட்டி அஞ்சுல ரெண்டுனு எழுதுறவன். டேய், அரையோட இன்னும் கொஞ்சம் சேத்தா எப்படிடா அரைய விடக் கம்மியாகும்னு கேட்டா முழிக்கிறான், ஏன்னா அஞ்சுல ரெண்டு அரைய விடக் கம்மினே அவனுக்குத் தெரியாது. இனி அந்த வீடியோ எவ்வளவு நல்லா எடுத்திருந்தா என்ன, எவ்வளவு கிராஃபிக்ஸ் போட்டா என்ன? புரியாத பாஷையில சினிமா பாக்குற கணக்குதான், அஞ்சு நிமிஷத்துல ரீல்ஸுக்குத் தாவிடுறான். நாம அதப் பாத்துட்டு ஆர்வமே இல்லேங்கிறோம்.

அவன் தப்பும் இல்ல இது. 2020 மார்ச்சுல மூடுன பள்ளிக்கூடம் ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்துச்சு. அப்ப ஒண்ணாவது ரெண்டாவதுல இருந்த பசங்கதான் மேல வந்து இப்ப நடுநிலைப் பள்ளிக்கூடத்துல உக்காந்திருக்கு. கூட்டல் கழித்தல் படிய வேண்டிய வயசுல லைன் வாசல்ல பம்பரம் விட்டுக்கிட்டு இருந்துதுங்க, வருஷம் ஆனா வகுப்பு மட்டும் ஏறிக்கிட்டே போச்சு. கணக்குங்கிறது சமூக அறிவியல் மாதிரி ஒரு பாடத்த விட்டுட்டு அடுத்தத படிக்கிற விஷயம் கிடையாதே, நாலாவதுல விட்டது ஏழாவதுல வந்து கழுத்தப் பிடிக்கும்.

எங்ககிட்ட எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு வருவா, அதிகம் பேச மாட்டா. எப்பவும் சுவத்து மூலையில அம்மா போன வெச்சுக்கிட்டு இயர்போன மாட்டிட்டு உக்காந்திருப்பா, நான் பக்கத்துல போனா ஸ்கிரீன ஆஃப் பண்ணிருவா. மத்தவங்க மாதிரி நானும் என்னவோ ஏதோனு நெனச்சு ஒரு நாள் பின்னால இருந்து பாத்தா, நாலாவது வகுப்பு பின்னம் வீடியோ ஓடுது. ஒரு அக்கா தோசைய நாலா வெட்டி காட்டிக்கிட்டு இருக்காங்க. இவ நோட்டுல அதே மாதிரி வட்டம் போட்டு கோடு கிழிச்சுக்கிட்டு இருக்கா, வட்டம் கோணலா இருந்தா அழிச்சுட்டு திரும்பப் போடுறா, வளையல வெச்சு. எதுக்குமா மறைக்கிறேன்னேன். கிளாஸ்ல கேட்டா சிரிப்பாங்கக்கா, எட்டாவதுக்கு வந்துட்டு இது தெரியாதானு சாரும் கேப்பாரு, இது சிரிக்காதுல்லனு போனக் காட்டுனா.

ஆன்லைன் கணக்கப் பத்தி நான் கேட்டதுலயே இதுதான் உருப்படியான பேச்சு. பன்னெண்டு பதிமூணு வயசுப் பிள்ளைக்கு உலகத்துலயே பெரிய பயம் நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுறதுதான். பக்கத்துல இருக்கவனுக்கு தெரியுது நமக்குத் தெரியலேன்னா கை தூக்க மாட்டாங்க, தலைய ஆட்டிருவாங்க. போன்ல மட்டும் யாருக்கும் தெரியாம நாலு வகுப்பு கீழ இறங்கிப் போயிட்டு வரலாம். எத்தன தடவ வேணா நிறுத்தலாம், திருப்பிப் போடலாம், 'இப்பதானடா சொன்னேன்'னு அது சலிச்சுக்காது.

கான் அகாடமின்னு ஒண்ணு இருக்கே, அதுவும் இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கு. 2004ல சல்மான் கான்னு ஒருத்தர், சினிமா சல்மான் கான் இல்ல, அமெரிக்காவுல பாஸ்டன்ல ஒரு முதலீட்டுக் கம்பெனியில வேலை பாத்துக்கிட்டு இருந்தவரு, தூரத்துல நியூ ஆர்லியன்ஸ்ல இருந்த சொந்தக்காரப் பொண்ணு நாடியாவுக்கு போன்லயே கணக்கு சொல்லிக் குடுக்கறாரு. அவளுக்கு அப்ப 12 வயசு, நம்ம கணக்குக்கு ஏழாவது. அவ எதுல சிக்கியிருந்தான்னா அலகு மாத்துறதுல, நம்ம பசங்க கிலோமீட்டர மீட்டராக்கத் திணறுமே அதே எடம்தான். அப்புறம் மத்த சொந்தக்காரப் பசங்களும் சேந்துக்கிட்டாங்க, 2006ல யூட்யூப்ல வீடியோவாப் போட ஆரம்பிச்சாரு. நேர்ல சொல்லிக் குடுக்கறத விட வீடியோதான் எங்களுக்குப் பிடிச்சிருக்குனு அந்தப் பசங்க சொன்னத அவரே பின்னாடி மேடையில சொல்லிச் சிரிச்சாரு. காரணம் எங்க மூலையில உக்காந்த பொண்ணு சொன்ன அதே காரணம்தான், மறந்து போனத கூச்சப்படாம திரும்பப் போய் பாத்துக்கலாம்.

ஆனா இதுல ஒண்ண கவனிங்க. வீடியோ வந்தது 2006ல, அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் ஒரு மனுஷன் வேலைய முடிச்சுட்டு வந்து போன்ல உக்காந்திருக்காரு. அந்தப் பொண்ணுக்கு எங்க சிக்கியிருக்குனு அவருக்குத் தெரியும், நாளைக்கும் அவரு கேப்பாருனு அவளுக்குத் தெரியும். நாம என்ன பண்ணிட்டோம், வீடியோவ மட்டும் எடுத்துக்கிட்டு அந்த அண்ணன விட்டுட்டோம். லிங்க்க வாட்ஸப் குரூப்ல போட்டுட்டா கடமை முடிஞ்சுது.

போன் சிரிக்காதுங்கிறது எவ்வளவு நல்லதோ அதே அளவுக்கு கெட்டது, அது கவனிக்காதுங்கிறது. பசங்க இதுல கில்லாடிங்க. வீடியோவ ரெண்டு மடங்கு ஸ்பீடுல ஓட விட்டுட்டு கோலி ஆடப் போயிருவான், திரும்பி வர்றப்ப 'பாடம் முடிந்தது'னு பச்சை டிக் விழுந்திருக்கும். நாலு விடையில ஒண்ண தேர்ந்தெடுக்கச் சொன்னா வரிசையா நாலையும் அமுக்குவான், ஏதாவது ஒண்ணு பச்சையாகத்தான செய்யும். காயின் ஸ்டார் எல்லாம் குடுக்கிற ஆப்புகள்ல ஒருத்தன் சேத்து வெச்சிருந்த காயினப் பாத்து அசந்து போய் என்னடா படிச்சேன்னு பாத்தா, ஒரு இலக்கக் கூட்டலையே திரும்பத் திரும்பப் போட்டிருக்கான், அதுலதான் சீக்கிரம் காயின் வருதாம். புத்திசாலிதான், இல்லேங்கல.

இந்த பரிசு விஷயத்துல 1973லயே அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேரு. படம் வரையறதுல தானாவே ஆசையா இருந்த நர்சரிப் பிள்ளைங்கள்ல ஒரு பங்குக்கு மட்டும், வரைஞ்சா சர்டிபிகேட் தருவோம்னு முன்கூட்டியே சொல்லி வரைய வெச்சாங்க. கொஞ்ச நாள் கழிச்சு சும்மா விளையாடுற நேரத்துல பாத்தா, அந்தப் பிள்ளைங்கதான் மத்தவங்கள விட ரொம்பக் கம்மியா வரையுது, பாதி அளவுக்குத்தான். ஆசையா செஞ்சது கூலிக்குச் செய்யிற வேலையாயிருச்சு. இத வெச்சு பரிசே கூடாதுனு நான் சொல்ல வரல, அந்தப் பிள்ளைங்களுக்கு படத்து மேல ஏற்கனவே ஆசை இருந்துச்சு, நம்ம பசங்களுக்கு கணக்கு மேல அப்படி ஒரு ஆசை எங்க இருக்கு, முதல் நாள் உக்கார வைக்க ஒரு தேன்மிட்டாய் குடுத்தா குத்தமில்ல. ஆனா மிட்டாய்ல மட்டுமே வண்டி ஓடாது.

பின்ன எதுலதான் ஓடும்னா, ஒரு நாள் நடந்தத சொல்றேன். ஏழாவது படிக்கிற வாலு ஒண்ணு இருக்கான், ஒரு இடத்துல உக்கார மாட்டான். ஜியோஜீப்ராவுல ஒரு முக்கோணம் போட்டு மூணு கோணத்தையும் பக்கத்துல காட்டுற மாதிரி வெச்சு அவன் கையில குடுத்தேன். மூலையப் பிடிச்சு எப்படி வேணா இழு, மூணையும் கூட்டினா 180தான் வரும், முடிஞ்சா மாத்திக் காட்டுனேன். அவனுக்கு ரோஷம் வந்துருச்சு. ஊசி மாதிரி ஒல்லியாக்குறான், அகலமா சப்பையாக்குறான், ஸ்கிரீனுக்கு வெளிய வரைக்கும் இழுத்துட்டுப் போறான், ஒவ்வொரு தடவையும் நோட்டுல மூணு எண்ணையும் எழுதிக் கூட்டுறான். தசமக் கூட்டல்னா ஓடி ஒளியிறவன்ங்க இவன். ரொம்ப நேரம் கழிச்சு 'அக்கா! ஜெயிச்சுட்டேன்'னு ஒரே கத்து. பாத்தா 59.04, 61.33, 59.64, கூட்டினா 180.01. லைனே கூடிருச்சு.

எனக்கும் ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம் யோசிச்சா அது ரெண்டு தசமத்தோட நிறுத்தி, முழுமையாக்கிக் காட்டுது. உள்ள 59.037, 61.328, 59.635னு இருந்திருந்தா கூட்டினா சரியா 180தான், மூணுமே கொஞ்சம் கொஞ்சம் மேல ஏத்திக் காட்டுனதுல ஒரு 0.01 கூடிருச்சு. இத உக்காந்து பேசினோம். அவன் 'அப்ப போனும் பொய் சொல்லுமாக்கா'ன்னான். அன்னைக்கு அவன் படிச்சது முக்கோணம், தசமக் கூட்டல், முழுமையாக்குறது மூணும், ஒண்ணுக்குக் கூட காயின் விழல, அவன் கேக்கவும் இல்ல. அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு சண்டை, அதப் பாக்க நாலு பேரு. பக்கத்துல ஆள் இல்லேன்னா 180.01ஐ அவன் யாருகிட்ட போய்க் கத்துவான்?

வீடியோவுல வர்ற கணக்கும் நம்ம ஊரத் தொட்டா நல்லாத்தான் இருக்கும். முழுக்கள் பாடத்துல மைனஸ் 5 பெருசா மைனஸ் 2 பெருசானா பாதிப் பேரு அஞ்சுதான் பெருசும்பாங்க. ஜனவரியில ஊட்டி பக்கம் காந்தல், தலைகுந்தாவுல புல்லு மேல வெள்ளையா உறைபனி நிக்கிறப்ப மைனஸ்ல போச்சுனு டிவியில சொல்வாங்கல்ல, மைனஸ் 2 அடிச்ச நாள்ல குளிர் ஜாஸ்தியா மைனஸ் 5 அடிச்ச நாள்லயானு கேட்டா ஒருத்தன் கூட தப்பா சொல்ல மாட்டான். அதே மாதிரி நம்ம மலை ரயிலு. மேட்டுப்பாளையத்துல காலையில 7.10க்குக் கிளம்பி ஊட்டிக்கு மதியம் 12 மணி வாக்குல வருது, தூரம் 46 கிலோமீட்டர், அப்ப சராசரி வேகம் என்னனு கேளுங்க. மணிக்கு பத்து கிலோமீட்டர் கூட வராதுனு விடை வந்ததும் பசங்க நம்பாது, திரும்பப் போட்டுப் பாக்கும், என் சைக்கிள் ஜெயிச்சுரும்பான். கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் பல்சக்கரத்துல ஏறுது, செங்குத்தான எடத்துல 12 மீட்டர் முன்னால போனா கிட்டத்தட்ட 1 மீட்டர் மேல ஏறுதுனு சொன்னா, விகிதம்னா என்னனு தனியா பாடம் நடத்த வேண்டாம். டிசம்பர் 22 வந்தா ராமானுஜன் படத்துக்கு மாலை போட்டு தேசிய கணித தினம் கொண்டாடுறோம், நல்லதுதான், ஆனா அவரப் பாத்து பசங்களுக்கு வர்றது மரியாதை, அந்த ரயில் கணக்குல வர்றதுதான் ஆசை.

பெத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லணும், கோவிச்சுக்கக் கூடாது. 'எனக்கே கணக்கு வராது, இவளுக்கு எங்க வரப்போவுது'னு பிள்ளை முன்னாடியே சொல்றாங்க பாருங்க, அதுவும் பொம்பளப் பிள்ளைகிட்ட, அதத்தான் முதல்ல நிறுத்தணும். அப்படிச் சொல்ற அதே அம்மா சம்பளச் சீட்டுல மூணு கிலோ கொழுந்து கொறஞ்சா தேதியோட சொல்லிருவா, எந்தக் காட்டுல எத்தன கிலோ எடுத்தான்னு. அது கணக்கு இல்லாம என்ன? பாடம் தெரியலேன்னா பரவால்ல, பக்கத்துல உக்காருங்க, ஒரு இருவது நிமிஷம் போதும், உங்க போன கீழ வெச்சுட்டு. பாதி வீடியோ ஓடுனதும் நிறுத்தச் சொல்லி 'எனக்குச் சொல்லிக் குடு பாப்பா'னு கேளுங்க. சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சா எங்க தடுக்குதுனு பிள்ளைக்கே தெரிஞ்சிரும். நோட்டும் பென்சிலும் இல்லாம கணக்கு வீடியோ பாக்க விடவே விடாதீங்க, கை எழுதாத கணக்கு தலையில நிக்காது, இதுல நான் யாரோட வேணா சண்டை போடத் தயார்.

இன்னொரு கூத்து. போன வருஷம் ஒரு கம்பெனி ஆளு, பேரு வேணாம், டை கட்டிக்கிட்டு லைன் லைனா வந்தான். பிள்ளைக்கு ஒரு டெஸ்ட்டு வெச்சான், உங்க பிள்ளை கணக்குல ரொம்ப வீக்கு, இப்படியே விட்டா பத்தாவது தாண்டாதுனு அம்மா அப்பாவ உக்கார வெச்சு பயமுறுத்தி, டேப்லெட்டோட ஒரு கோர்ஸ தவணைக்கு கட்டி விட்டுட்டுப் போனான். சம்பளத்துல மாசா மாசம் போகுது. டேப்லெட்டு எங்கனா டிவி மேல துணி போத்தி இருக்கு, உடைஞ்சா காசு போயிருமேனு பிள்ளை கையில குடுக்கறதே இல்ல. அதுல இருக்கிற பாடம் ஒண்ணும் மணற்கேணியில இல்லாத பாடம் கிடையாது. பிள்ளைய பயமுறுத்தி எவனாவது கணக்கு விக்க வந்தா கதவ சாத்துங்க.

காசுனு வந்ததும் ஒண்ணு ஞாபகம் வருது. எட்டாவதுல என்எம்எம்எஸ்னு உதவித்தொகைக்கான தேர்வு ஒண்ணு இருக்கு, அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைங்களுக்கு, வீட்டு வருமானம் வருஷத்துக்கு மூணரை லட்சத்துக்குள்ள இருக்கணும். தேர்வானா ஒம்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் மாசம் 1000 ரூபா, நாலு வருஷத்துக்கு 48,000. மனத்திறனுக்கு 90 மார்க், பாடத்துக்கு 90 மார்க். மனத்திறன் பகுதியில எண் வரிசை, அடுத்து என்ன எண் வரும்னு கேக்குறதெல்லாம் பசங்களுக்கு விளையாட்டு மாதிரி பிடிச்சுப் போகுது, இதுக்கான பழைய கேள்வித்தாள், வீடியோ எல்லாம் நெட்ல நிறைய கிடைக்குது. ஆனா எங்க பக்கம் எட்டாவது பாதியிலதான் பேச்சே எடுக்கறாங்க. ஆறாவதுலயே இப்படி ஒண்ணு இருக்குனு வீட்டுல சொல்லி வெச்சா ரெண்டு வருஷம் கையில கிடைக்கும். இதுவும் பரிசுதானே, காயின்ல இருந்து என்ன வித்தியாசம்னு நீங்க கேக்கலாம். ஒரு இலக்கக் கூட்டல ஆயிரம் தடவ போட்டாலும் இது கிடைக்காதுங்க, அதுதான் வித்தியாசம்.

இப்ப நான் கேக்க வந்ததுக்கு வர்றேன். வீட்டுல ஒரே போனு, அது அப்பாவோட வேலைக்குப் போயிருது, ஏழு மணிக்கு வர்றப்ப ஒன்றரை ஜிபியும் தீந்திருக்கும். டவரும் எல்லா வீட்டுலயும் கிடைக்காது, எங்க லைன்ல கடைசி மூணு வீட்டுக்காரங்க பேசணும்னா மேட்டுக்கு ஏறணும். 2024ல இருந்து நடுநிலைப் பள்ளிக்கூடங்களுக்கும் ஹைடெக் லேப்னு கம்ப்யூட்டர் ரூம் குடுத்துக்கிட்டு வர்றாங்க. அந்த லேப்ப சாயங்காலம் மணி அடிச்சதும் பூட்டாம, பஸ் வர்ற வரைக்கும் ஒரு முக்கால் மணி நேரம் திறந்து வெச்சா என்ன? பிள்ளைங்க அந்த நேரம் சும்மாதான் ஸ்டாப்புல நிக்குது. மழையில நெட் போயிரும்தான், அதனால ஆறுல இருந்து எட்டு வரைக்கும் இல்ல, மூணாவதுல இருந்தே கணக்கு வீடியோ எல்லாத்தையும் முன்னாடியே இறக்கி கம்ப்யூட்டர்ல போட்டு வெச்சுரலாம், தீக்‌ஷாவுலயே டவுன்லோடு பண்ற வசதி இருக்கு. எந்தப் பிள்ளை எந்த வகுப்புப் பாடம் பாக்குதுனு யாரும் கேக்கக் கூடாது, போர்டுல பேர் எழுதிப் போடக் கூடாது, 'எட்டாவது படிச்சுட்டு இதப் பாக்குறியா'னு ஒரு வார்த்தை வந்துச்சுனா மறுநாள் அந்தப் பிள்ளை லேப் பக்கமே வராது. கூட உக்கார ஒரு ஆளு வேணும், டீச்சரே இருக்கணும்னு இல்ல, அவங்களுக்கு ஏற்கனவே எமிஸ்ங்கிற துறை வெப்சைட்டுல பிள்ளைங்க விவரத்த ஏத்துற வேலை தலைக்கு மேல இருக்கு. எங்கள மாதிரி தன்னார்வலர்ங்க இருக்கோம், ரிட்டையர் ஆனவங்க இருக்காங்க, காலேஜ் படிக்கிற அண்ணன் அக்காங்க இருக்காங்க. கணக்குல புலியா இருக்க வேண்டியதில்ல, 'நேத்து எங்க விட்டே'னு மறக்காம கேக்கறவங்களா இருந்தா போதும். மாவட்டத்துல பெரியவங்க யாராவது இதப் படிச்சா ஒரு பள்ளிக்கூடத்துலயாவது இந்த வருஷம் பண்ணிப் பாக்கட்டும்.

உங்ககிட்டயும் ஒரு உதவி கேக்குறேன். ராசிபலனுக்கு தினமும் இடம் குடுக்கறீங்க, வாரத்துக்கு ஒரு நாள் நீலகிரிப் பக்கத்துல நாலு வரி இடத்துல ஒரு கணக்கு போடுங்க, நம்ம ஊரு கணக்கு. சரியா அனுப்புன பிள்ளைங்க பேரும் பள்ளிக்கூடம் பேரும் அடுத்த வாரம் போட்டா போதும், பரிசு வேண்டாம். பேப்பர்ல பேர் வந்த பிள்ளை அந்தப் பேப்பர எத்தன நாள் பையில வெச்சுக்கிட்டுத் திரியும்னு உங்களுக்கே தெரியும். முதல் கணக்கு நானே தர்றேன், ஏழாவது எட்டாவது படிக்கிற பிள்ளைங்களுக்கு:

ஒரு விவசாயி மழை நாள்ல 80 கிலோ பச்சைத் தேயிலைய ஃபேக்டரிக்குக் கொண்டு போறாரு. தண்ணி இருக்குனு முதல்ல 10 சதவீதம் கழிக்கிறாங்க. மிச்சத்துல முத்தல் இலை கலந்திருக்குனு இன்னொரு 5 சதவீதம் கழிக்கிறாங்க. எத்தன கிலோவுக்கு அவருக்குக் காசு வரும்? மொத்தமா ஒரே தடவையில 15 சதவீதம் கழிச்சா அவருக்கு லாபமா நஷ்டமா? 5ஐ முதல்லயும் 10ஐ அப்புறமும் கழிச்சிருந்தா என்ன மாறியிருக்கும்? ஏன்?

அந்த 'ஏன்'ன கட்டாயம் அச்சுல போடுங்க, வெறும் விடைய மட்டும் அனுப்புனா செல்லாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.